எமெரிக் பிரஸ்பர்கர்: இருவர் பெயரும் ஒரே வரியில் இருக்கும்போது எழுத்தாளரின் பங்கு எது?

நெடுந்திரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கடந்த இரண்டு மாதங்களாக மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர் இருவரும் சேர்ந்து எடுத்த படங்களை வெளியான வரிசையிலேயே பார்த்து வந்தேன். 1942-இல் வந்த 'ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட் இஸ் மிஸ்ஸிங்' தொடங்கி, 'எழுதித் தயாரித்து இயக்கியவர்கள்' என்று இருவர் பெயரும் ஒரே வரியில் வருகின்றன. யார் எதைச் செய்தார் என்று அந்த வரி சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்பதே அவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு. வருமானத்தையும் சரிபாதியாகவே பிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் படங்களைப் பற்றி எழுதுபவர்களில் பலர், பவல் பெரிய இயக்குநர், அவருக்கு நல்ல கதாசிரியர் ஒருவர் வாய்த்திருந்தார் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களோடும் ஒளிப்பதிவாளரோடும் நின்றவர் பவல்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் படங்கள் எல்லாவற்றிலும், ஒரு நாட்டுக்கு வெளியிலிருந்து வந்து அதன் பழக்கவழக்கங்களை அன்போடும் வியப்போடும் சிறிது கலக்கத்தோடும் பார்க்கிற ஒருவரின் கண் இருக்கிறது. கென்ட் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பவலுக்கு இங்கிலாந்தை அப்படிப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை. ஹங்கேரியில் பிறந்த பிரஸ்பர்கருக்கு இருந்தது.

அவருடைய பங்கைப் படங்களிலிருந்தே எடுத்துக் காட்ட முடியுமா என்பதுதான் என் கேள்வி. படித்தவர்களும் பார்த்தவர்களும் எழுத வேண்டுகிறேன்.

பழஞ்சுருள் எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. படங்களுக்குப் போகும் முன் அவருடைய வாழ்க்கையைச் சற்றே விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கதைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1902 டிசம்பர் 5 அன்று, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மிஷ்கோல்ட்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் இம்ரே. தந்தை பண்ணை நிலங்களை மேற்பார்வை செய்து வந்தவர். பள்ளிப் படிப்பு தெமெஷ்வார் நகரில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லைகள் திருத்தப்பட்டபோது அந்த நகரமே ருமேனியாவுக்குப் போய்விட்டது. அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே, படித்த ஊர் அவருடைய நாட்டைவிட்டுப் போயிற்று. பிராகாவிலும் ஸ்டுட்கார்ட்டிலும் கணிதமும் பொறியியலும் படித்தார். தந்தை இறந்ததால் படிப்பை முடிக்க இயலவில்லை.

1926-இல் பெர்லினுக்குச் சென்றார். கடும் வறுமைக்கிடையில் பத்திரிகைகளுக்குச் சிறுகதைகள் எழுதி, அதன் வழியாக ஜெர்மனியின் மிகப் பெரிய படநிறுவனமான உஃபாவின் கதை இலாகாவில் நுழைந்தார். அங்கே அவர் பெயர் எம்மெரிஹ் ஆயிற்று. 1930-இல் ராபர்ட் சியோட்மாக் இயக்கிய 'அப்ஷீட்' படத்தை இர்மா ஃபான் குபேயுடன் சேர்ந்து எழுதினார். பெர்லினில் வாடகைக்கு அறை விடும் ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கும் கதை அது. பேசும் படம் தொடங்கிய புதிதில் வந்தது. அடுத்த ஆண்டு மாக்ஸ் ஓஃபுல்ஸின் முதல் குறும்படத்துக்கு எரிஹ் கேஸ்ட்னருடன் எழுதினார்.

1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் உஃபா தன்னிடமிருந்த யூத ஊழியர்களை வெளியேற்றியது. பிரஸ்பர்கர் பாரிஸுக்குத் தப்பினார். புறப்படும்போது வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டு வந்தார் என்றும், நாஜிப் படையினர் கதவை உடைக்க வேண்டாமே என்று அப்படிச் செய்தார் என்றும் அவருடைய வரலாற்றில் வருகிறது. 1935-இல் லண்டன் வந்தார். அங்கே இரண்டாம் முறையாகப் பெயர் மாறி எமெரிக் ஆனார்.

ஆக, ஹங்கேரியம், ஜெர்மன், பிரெஞ்சு, பிறகு ஆங்கிலம். முப்பது வயதைக் கடந்த பிறகு கற்ற மொழியில்தான் அவருடைய பெரும் பணி அனைத்தும் நடந்தது.

தாழ்வாரம் எழுதியது:

நெடுந்திரை அவர்களின் கேள்விக்கு நேரான விடை 'தி ஸ்பை இன் பிளாக்' படத்திலேயே கிடைக்கிறது என்பது என் கருத்து. பிரிட்டனில் பெரும் படநிறுவனம் நடத்தி வந்த அலெக்சாண்டர் கோர்டாவும் ஹங்கேரியில் பிறந்தவர்தான். ஜெர்மன் நடிகர் கான்ராட் ஃபைட் நடிப்பதற்காக ஒரு நாவலை அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். திரைக்கதை சரியாக அமையவில்லை. அதைச் சீர்செய்யப் பிரஸ்பர்கரை அழைத்தார். பவலும் பிரஸ்பர்கரும் முதன்முதலாகச் சந்தித்தது கோர்டா கூட்டிய அந்தக் கூட்டத்தில்தான்.

பவல் தம் தன்வரலாற்றில் அதை நினைவுகூர்கிறார். சுருட்டி வைத்திருந்த ஒரு சிறு துண்டுத் தாளைப் பிரஸ்பர்கர் எடுத்து, மெல்லிய குரலில் படிக்கத் தொடங்கினார். படித்து முடிப்பதற்குள் நாவல் தலைகீழாக மாறிவிட்டிருந்தது. ஜெர்மன் உளவாளிக்கு உதவுவதாகக் காட்டப்படும் பள்ளி ஆசிரியை உண்மையில் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே அந்தப் புதிய கதையின் முடிச்சு. இதற்குப் பிறகு இந்த மனிதரைத் தம்மிடமிருந்து போகவிடக் கூடாது என்று பவல் அன்றே முடிவு செய்துவிட்டார்.

இதில் பிரஸ்பர்கரின் கை தெளிவாகத் தெரிகிறது. நிகழ்ச்சிகளை அவர் அதிகம் மாற்றுவதில்லை, எந்த ஆள் எந்தப் பக்கம் என்பதை மாற்றிவிடுகிறார். ஒரு ஜெர்மன் கப்பல் தலைவனைக் கதைநாயகனாக்கி, அவன் ஏமாறும்போது நம்மை வருந்தச் செய்யும் படம் அது. போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஆகஸ்டில், லண்டனில் வெளியாயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கீழவீதி வாசகர் எழுதியது:

தாழ்வாரம் அம்மா சொல்வது கதையமைப்புக்குப் பொருந்தும். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. திரைக்கதை என்பது அமைப்பு மட்டும் அன்று; பேசப்படும் சொல்லும் அதில் அடங்கும். முப்பது வயதைக் கடந்து ஆங்கிலம் கற்கத் தொடங்கிய ஒருவர் எழுதிய உரையாடலைப் பவல்தான் திருத்தினார், பல இடங்களில் புதிதாகவே எழுதினார் என்பது அறிந்த செய்தி. பிரஸ்பர்கர் முதல் வடிவத்தை எழுதி அனுப்புவார். பவல் அதன் உரையாடலை மாற்றுவார். பிறகு தாள்கள் இருவருக்கும் இடையே போய்வந்து கொண்டிருக்கும். அப்படியிருக்க, ஒரு வசனத்தைக் காட்டி இது பிரஸ்பர்கருடையது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு நீதி செய்யப் போய் மற்றவருக்கு அநீதி செய்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

நெடுந்திரை எழுதியது:

உங்கள் தயக்கம் முறையானது, ஐயா. ஆனாலும் ஒரு காட்சியை உங்கள் முன் வைக்கிறேன்.

1943-இல் வெளிவந்த 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிளிம்ப்' படத்தில், ஆங்கிலேயத் தளபதி கேண்டியும் ஜெர்மன் அதிகாரி தியோவும் இளமையில் வாட்போரிட்டு, அதிலிருந்தே நண்பர்களாகி, நாற்பது ஆண்டுகள் பிரிந்தும் சேர்ந்தும் வாழ்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வேளையில், முதியவராகிவிட்ட தியோ லண்டனில் ஒரு விசாரணை அதிகாரியின் முன் அமர்ந்திருக்கிறார். ஜெர்மனியை விட்டு எப்போது வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். 1934 ஜனவரி என்கிறார். ஹிட்லர் வந்த உடனேயே மற்றவர்கள் வெளியேறிவிட்டார்களே, உங்களுக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு, தாம் நினைத்தது தவறு என்று தெரிய எட்டு மாதங்கள் ஆயின என்று சொல்லிவிட்டு, இங்கிலாந்துக்கு அது தெரிய ஐந்து ஆண்டுகள் ஆயின என்பதை மிகுந்த பணிவோடு சேர்த்துச் சொல்கிறார்.

அதன் பிறகு வருவது ஒரு நீண்ட பேச்சு. தம் ஆங்கிலேய மனைவி இறந்ததையும், நாஜிகளாகிவிட்ட தம் இரு மகன்களும் தாயின் அடக்கத்துக்குக்கூட வராததையும், இறந்தவளின் நாட்டு வயல்வெளிகள் நினைவுக்கு வந்து தம்மை இங்கே இழுத்ததையும் அவர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். கேமரா வெட்டாமல் மெல்ல அவர் முகத்தை நெருங்குகிறது. அன்டன் வால்புரூக் நடித்த காட்சி. அவரும் ஜெர்மானியப் படவுலகத்தை விட்டு வெளியேறி வந்த ஆஸ்திரியர்.

அந்தப் பேச்சின் ஆங்கிலச் சொற்களில் எத்தனையைப் பவல் திருத்தினார் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எங்கிருந்து வருகிறாய், ஏன் வந்தாய், உன்னை நாங்கள் ஏன் நம்ப வேண்டும் என்று மேசைக்கு அப்பாலிருந்து ஓர் அதிகாரி கேட்கும்போது மனிதன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பது பிரஸ்பர்கருக்குத் தெரியும். போர்க்காலத்தில் அயல்நாட்டவருக்கான கட்டுப்பாடுகளுக்கு அவரே உட்பட்டிருந்தார். அவருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது 1946-இல்தான். அதாவது, பிரிட்டன் எதற்காகப் போரிடுகிறது என்று பிரிட்டன் மக்களுக்குச் சொல்லும் படங்களை எழுதிய ஆண்டுகளில் அவர் அந்த நாட்டின் குடிமகன் அல்லர்.

போரின் நடுவில் ஒரு நல்ல ஜெர்மானியரைத் திரையில் காட்டியதும், ஆங்கிலேயத் தளபதியைக் காலத்துக்கு ஒவ்வாதவராகக் காட்டியதும் சர்ச்சிலைக் கடுமையாக எரிச்சலூட்டின. படத்தை நிறுத்த வழி தேடும்படி தகவல் அமைச்சருக்கே குறிப்பு அனுப்பினார். லாரன்ஸ் ஒலிவியரை நடிக்க வைக்க விரும்பினார்கள். அவரைக் கடற்படை விமானப் பிரிவிலிருந்து விடுவிக்க அரசு மறுத்துவிட்டது. அதனால்தான் ராஜர் லிவ்சி கேண்டியானார். இன்று அவரைத் தவிர வேறு எவரையும் அந்த வேடத்தில் எண்ணிப் பார்க்க என்னால் முடியவில்லை.

பழஞ்சுருள் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. 'கர்னல் பிளிம்ப்' கதையின் விதை வேறொருவரிடமிருந்து வந்தது என்பதையும் பதிவு செய்துவிடலாம். முந்தைய படமான 'ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட் இஸ் மிஸ்ஸிங்'கில், முதிய வீரர் ஒருவர் இளைஞனிடம், முதுமை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது, நானும் ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான் இருந்தேன் என்னும் பொருளில் பேசுகிற ஒரு காட்சி இருந்தது. அதைப் படத்தொகுப்பில் நீக்கும்போது, இதை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாமே என்று சொன்னவர் அப்போது படத்தொகுப்பாளராக இருந்த டேவிட் லீன். பெயரோ டேவிட் லோ வரைந்து வந்த கேலிச்சித்திரப் பாத்திரத்துடையது. ஒரு வரியிலிருந்தும் ஒரு கேலிச்சித்திரத்திலிருந்தும் நாற்பது ஆண்டு வாழ்க்கையைக் கட்டி எழுப்பியவர் பிரஸ்பர்கர்.

அந்தக் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வாட்போர். அதன் விதிகள், ஏற்பாடுகள், சட்டைக் கையை மடிப்பது வரை எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டிவிட்டு, வாள்கள் மோதத் தொடங்கியதும் கேமரா கூரையைத் தாண்டி மேலே எழும்பிப் பனி பெய்யும் பெர்லின் தெருவுக்குப் போய்விடுகிறது. யார் வென்றார் என்பது அந்தக் கதைக்குத் தேவையில்லை. இருவரும் ஒரே மருத்துவமனையில் படுத்திருப்பதுதான் தேவை.

விருது பற்றியும் சொல்ல வேண்டும். நம் படங்களின் பெயர் அட்டையில் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனியே போடுவதைப் போல, அந்நாளைய ஆஸ்கரிலும் மூலக் கதைக்கும் திரைக்கதைக்கும் தனித்தனி விருதுகள் இருந்தன. 'ஃபார்ட்டி நைன்த் பாரலல்' படத்துக்காக 1943-இல் பிரஸ்பர்கர் வென்றது மூலக் கதைக்கான விருது. அதே படத்தின் திரைக்கதைக்கு ராட்னி ஆக்லாண்டுடன் சேர்ந்தும், 'ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட்' படத்தின் மூலத் திரைக்கதைக்குப் பவலுடன் சேர்ந்தும் அதே ஆண்டில் அவர் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். ஒரே ஆண்டில் மூன்று பிரிவுகளிலும் அவர் பெயர் இருந்தது.

மலையடிவாரம் எழுதியது:

நான் சில படங்களே பார்த்திருக்கிறேன். ஆனாலும் 'ஐ நோ வேர் ஐம் கோயிங்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' படத்துக்குத் தேவைப்பட்ட, வண்ணப் படம் எடுக்கும் டெக்னிகலர் கேமராக்கள் போரினால் கிடைக்காமல் காத்திருந்த இடைவெளியில் உருவான படம் இது. ஒரு பெண் ஒரு தீவுக்குப் போக விரும்புகிறாள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தீவு இருக்கிறது, புயல் தடுக்கிறது. புயல் ஓயும்போது அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. பிரஸ்பர்கர் பவலிடம் சொன்ன கரு இவ்வளவுதான். அவள் ஏன் முதலில் போக விரும்பினாள் என்று பவல் கேட்டதற்கு, படத்தை எடுத்துத் தெரிந்துகொள்வோம் என்றாராம். சில நாட்களிலேயே திரைக்கதை எழுதி முடிக்கப்பட்டது.

'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' படத்தில் இன்னொன்று. இறந்திருக்க வேண்டிய ஆங்கிலேய விமானியின் வழக்கு மறுவுலகில் நடக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயரின் குண்டுக்குப் பலியானவர். நடுவர் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் பிரிட்டன் மீது மனக்குறை கொண்ட நாட்டினர். அவர்களில் ஓர் இந்தியரும் இருக்கிறார். 1946 நவம்பரில் அரச குடும்பத்தின் முன்னிலையில் திரையிடப்பட்ட படம் இது. நம் நாடு விடுதலை பெற ஒன்பது மாதங்கள் இருக்கும்போது, ஆங்கிலேய-அமெரிக்க உறவை வளர்க்க எடுத்த ஒரு பிரிட்டிஷ் படத்தில் அந்த இருக்கையை நமக்கு ஒதுக்க வேண்டும் என்று தோன்றிய மனத்தை நான் மதிக்கிறேன். இருவரில் யாருடைய எண்ணம் அது என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. ஆனால் பிறர் தம் நாட்டைப் பற்றி என்ன குறைபட்டுக்கொள்வார்கள் என்று யோசிப்பது, வெளியிலிருந்து வந்தவருக்கு எளிதில் வரும் பழக்கம்.

கீழவீதி வாசகர் எழுதியது:

என் நிலையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். மேசைக்கு அப்பாலிருந்து கேட்கப்படும் கேள்வி என்று நெடுந்திரை எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தேன். அது திருத்தத்தால் வந்த எழுத்து அன்று, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் பிரிக்க முடியாதது பிரிக்க முடியாததே என்பதற்கு 'தி ரெட் ஷூஸ்' சான்று. அதன் திரைக்கதையைப் பிரஸ்பர்கர் 1937-இலேயே, பவலைச் சந்திப்பதற்கு முன்பே, நடிகை மெர்ல் ஓபரானை மனத்தில் வைத்துக் கோர்டாவுக்காக எழுதினார். போருக்குப் பின் இருவரும் அதைக் கோர்டாவிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். நாயகியாக நடிப்பவர் உண்மையான நடனக் கலைஞராக இருக்க வேண்டும், நடனத்தை முழுமையாகவே படைத்துக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தியவர் பவல். அதனால் மொய்ரா ஷீரர் வந்தார்; 17 நிமிடம் ஓடும் அந்த நடனம் வந்தது. கலைக்காக வாழ்வைக் கேட்கும் லெர்மொன்டோவ் என்ற மனிதர் தாளில் இருந்தவர்; நடனம் தளத்தில் பிறந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு உயிர் இருந்திருக்காது. தயாரிப்பு நிறுவனமான ராங்குக்கு நம்பிக்கை இல்லாத அந்தப் படம் நியூயார்க்கில் ஒரே அரங்கில் 107 வாரங்கள் ஓடியது.

இருவரும் தனித்தனியே செய்தவையும் அதையே சொல்கின்றன. பிரஸ்பர்கர் தனியாக இயக்கியது 1953-இல் வந்த 'ட்வைஸ் அபான் எ டைம்' ஒன்றுதான். பழைய நண்பர் கேஸ்ட்னரின் இரட்டைச் சிறுமியர் கதை, அது நிலைக்கவில்லை. 1957-இல் அவர் எழுதித் தயாரித்த 'மிராக்கிள் இன் சோஹோ' படமும் அப்படியே. பவலுக்கும் தனிவழி எளிதாக இருக்கவில்லை. 'பீப்பிங் டாம்' வந்தபோது விமர்சகர்கள் அவரைக் குதறிவிட்டார்கள்.

தாழ்வாரம் எழுதியது:

கீழவீதி வாசகர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிரிவுக்குப் பின் பிரஸ்பர்கர் தனியே செய்தவற்றில் தோல்விகள் மட்டும் இல்லை. அவர் நாவல் எழுதத் திரும்பினார். 1961-இல் வந்த முதல் நாவலைப் பின்னர் ஃப்ரெட் சின்னெமன் 'பிஹோல்ட் எ பேல் ஹார்ஸ்' என்ற படமாக்கினார். இரண்டாவது நாவலான 'தி கிளாஸ் பேர்ல்ஸ்' 1966-இல் வெளிவந்தது. அதைத்தான் இங்கே நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

லண்டனின் பிம்லிகோ பகுதியில் வாடகை அறை ஒன்றுக்குக் கார்ல் பிரவுன் என்ற பியானோ சுருதி சேர்ப்பவர் குடிவருகிறார். இசையை நேசிக்கும், அமைதியான மனிதர். அக்கம்பக்கத்தார் அவரை நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர் என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் வதைமுகாமில் கைதிகளின் மூளையில் சோதனைகள் செய்த அறுவை மருத்துவர். தம் கடந்த காலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, தம்மால் கொல்லப்பட்ட ஒரு கைதியின் நினைவுகளைத் தம் நினைவுகளாகச் சொல்கிறார். கதை முழுவதும் நாம் அவருடைய அச்சத்துக்குள்ளேயே இருக்கிறோம். அவர் பிடிபடக் கூடாது என்று ஒரு கணம் நினைத்துவிட்டு நாமே திடுக்கிடுகிறோம்.

இதை எழுதியவரின் தாய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரைக் காலத்தோடு இங்கிலாந்துக்கு அழைத்து வர முடியாமற்போன குற்றவுணர்வு பிரஸ்பர்கரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அப்படிப்பட்டவர், தாயைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனுக்குத் தம்முடைய அகதி வாழ்க்கையின் அடையாளங்களையே, வாடகை அறையையும் இசைப் பற்றையும் அந்நிய உச்சரிப்பையும், கொடுத்து எழுதியிருக்கிறார். வெளிவந்தபோது அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 2022-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் பலர் படித்தார்கள். பவல் உடனில்லாமல், முழுக்க அவர் ஒருவரே எழுதிய எழுத்து எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

நெடுந்திரை எழுதியது:

தாழ்வாரம் அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று அந்த நாவலை வாங்கினேன். இன்னும் பாதிதான் முடித்திருக்கிறேன். முன்பே படித்துவிட்டவர்கள் முடிவைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் படிக்கும்போது 'ஃபார்ட்டி நைன்த் பாரலல்' படத்தின் வோகல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தான். கனடாவில் சிக்கிக்கொண்ட நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களில் ஒருவன் அவன். போருக்கு முன் ரொட்டி சுடுபவன். ஜெர்மன் பேசும் ஹட்டரைட் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகளின் ஊரில் தங்கும்போது அங்குள்ள அடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறான், இங்கேயே இருந்துவிடு என்கிறார்கள், இருக்க விரும்புகிறான். தலைவன் ஹிர்த் அவனைத் துரோகி என்று தீர்ப்பளித்துச் சுட்டுக் கொல்ல வைக்கிறான். 1941-இல், லண்டன் மீது குண்டுகள் விழுந்த காலத்தில், பகைநாட்டு வீரன் ஒருவனுக்குப் பிரஸ்பர்கர் கொடுத்த விருப்பம், ஒரு புது ஊரில் தன் பழைய தொழிலைச் செய்துகொண்டு வாழ்வது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பிரவுனுக்கு அதே வாழ்க்கையை முழுமையாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் இம்முறை அந்த அறையில் குடியிருப்பவன் வோகல் அல்லன், ஹிர்த்.